செவ்வாய்க்கிழமை மட்டும் மாட்டுகிற கம்பி

ராஜபாளையத்தில் அந்தத் தையல் கம்பெனி ஹாலுக்குள் பாடம் சொல்லிக்கொடுக்க நான் முதல் நாள் போனபோது முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். ஸ்டூல் இழுபடுகிற சத்தம்கூட ஒன்றாகத்தான் கேட்டது. உட்காருங்கம்மா என்று சொல்ல வாய் வரவில்லை, கையைக் காட்டினேன். உட்கார்ந்தார்கள், அதுவும் ஒன்றாக. பொறவு ஒரு சத்தமும் இல்லை. மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில்கூட யாராவது ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டாவது இருப்பாள். இங்கே அதுவும் இல்லை.

எனக்குப் பழக்கமான வகுப்பு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் மாவு மில், மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறை. கரண்டில் ஓடுகிற நாலு பவர் தையல் மெஷின், துணி வெட்ட ஒரு மேசை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் படியேறுவதற்குள் அவர்கள் வந்து படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து நிற்பதெல்லாம் கிடையாது. செத்த நகர்ந்து வழி விடுவார்கள்.

"என்ன பெரியம்மா, பாஸ்டர் ஐயா இன்னைக்கு விடவே மாட்டேன்னுட்டாரா?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். அதுதான் எனக்கு வணக்கம்.

அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவரவர் கைக்காசில் படிக்க வருகிறவர்கள். ஒரு போலீஸ்காரர் பெண்டாட்டி, ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், பால்கோவா கடையில் டப்பா கட்டுகிற ஒருத்தி, இப்படி. ஒருத்திக்கு ஒருத்தி முன்பின் தெரியாது. முதல் பாடத்துக்கு நான் பழைய பேப்பரை நீட்டுவேன், அதில் நேர்கோடு ஓட்டிப் பழகட்டும் என்று. போலீஸ்காரர் பெண்டாட்டி அதை வாங்கவே இல்லை.

"பேப்பர்ல தச்சு பேப்பரையா உடுத்தப் போறேன்? நான் துணி கொண்டாந்திருக்கேன்" என்று நல்ல பட்டு ஜாக்கெட் துணியை எடுத்து மேசையில் வைத்தாள்.

பால்கோவா கடைக்காரி விடுவாளா? "கோணலா தச்சாலும் உடுத்திட்டுப் போ தாயி. போலீஸ் வீட்டம்மாவ யாரு கேக்கப் போறா?"

அவர்களுக்குப் பாடம் புரியவில்லை என்றால் என்னைத்தான் வைவார்கள். "நீங்க சொன்னது ஒரு எழவும் வெளங்கல பெரியம்மா, மறுபடி சொல்லுங்க" என்பார்கள். நான் கழுத்து வளைவை வேகமாக வெட்டிவிட்டால் கையைப் பிடித்து நிறுத்துவார்கள். காசு கொடுத்தது அவர்கள், அதனால் தெரியாமல் வீட்டுக்குப் போவது அவர்களுக்கு நஷ்டம். அந்த அறையில் எனக்கு வாய் வலிக்கும், தலை வலிக்கும். ஆனால் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. தையல் படித்தது தளவாய்புரத்தில், நைட்டி தைக்கிற ஒரு ஷெட்டில். அங்கே யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை, பக்கத்து மெஷின் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு இன்றைக்கும் வராது. எதைச் சொல்லவேண்டும் என்றாலும் செய்து காட்டுவேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்காரிகளுக்கு அது போதும். மீதியை அவர்களே கேட்டுப் பிடுங்கிக்கொள்வார்கள்.

கம்பெனி வேலை என் மெஷின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக் மூலமாக வந்தது. அவர்தான் அந்தக் கம்பெனி மெஷின்களையும் பார்க்கிறவர். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய கவுன், கட்டில் விரிப்பு, இதெல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். மேனேஜர் சின்ன வயசுக்காரர். என்னை மேடம் என்றார். அந்தச் சொல்லுக்கு நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாராவது வருகிறார்களோ என்று.

"வெளிநாட்டுல இருந்து வாங்குறவங்க வந்து பாப்பாங்க மேடம். நம்ம ஆட்களுக்கு டிரெய்னிங் குடுத்தோம்னு இருக்கணும். செவ்வாய்க்கிழமை மட்டும் மதியம் வந்தா போதும். நீங்க உங்க முறையில சொல்லிக் குடுங்க" என்றார்.

நல்ல மரியாதை. காப்பி கொடுத்தார்கள். வகுப்பு ஆரம்பித்ததும் ஒருத்தர் போனில் போட்டோ எடுத்தார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முதலில் போட்டோ, பொறவுதான் பாடம்.

ஹாலுக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டி சூப்பர்வைசர் நிற்பார். ஐம்பது வயசு இருக்கும், நெற்றியில் திருநீறு, அமைதியான முகம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாடம் முடிகிற வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் எதையும் சொல்வது கிடையாது. ஆனால் நான் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முப்பது தலையும் ஆடுவதற்கு முன்னால் கண்கள் மட்டும் ஒரு தரம் அவர் நிற்கிற பக்கம் போய் வரும். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பொறவு என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ரெண்டாவது வாரமோ மூணாவது வாரமோ, கவுனுக்கு ஜோப்பு வைக்கிறதைக் காட்டினேன். பச்சைத் துணி. நல்ல பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, தடவிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இருந்த படபடப்பில் உள்பக்கத்தில் ஜோப்பை வைத்துத் தைத்துக் காட்டிவிட்டேன். முப்பது பேரும் உள்பக்கத்திலேயே வைத்துத் தைத்தார்கள். ஒருத்திகூட, டீச்சர் மாத்தி வச்சிருக்கீய என்று சொல்லவில்லை. அத்தனையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. பிரிக்கும்போதும் அதே அமைதி. தினமும் அந்தத் துணியிலேயே கிடக்கிற கைகள் அவை, தப்பு என்று தெரியாமல் தைத்திருக்காது. இதுவே ஞாயிற்றுக்கிழமை என்றால் என் தோளில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த முப்பது பேரில் ஒருத்தி என் ஞாயிற்றுக்கிழமைக்காரி.

பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் ஒரு ஊர் அவளுக்கு. முப்பத்தைந்து வயசு. புருஷன் லோடு ஆட்டோவில் இருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருக்கிறான், ரெண்டு பெண் பிள்ளைகள். வார நாளில் கம்பெனி வேனில் ராஜபாளையம் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, சொந்தக் காசில் என்னிடம் ஜாக்கெட் வெட்டப் படிப்பாள். கம்பெனியில் கவுனுக்கு ஓரம் அடிக்கிறது ஒன்றுதான் அவள் வேலை. முழு ஜாக்கெட் தைக்கத் தெரிந்துவிட்டால் வீட்டிலேயே ஒரு மெஷின் போட்டுப் புருஷன் பக்கத்தில் இருக்கலாம் என்பது அவள் கணக்கு. எங்கள் மாவு மில் அறையில் அதிகம் வாயடிக்கிறவளும் அவள்தான்.

கம்பெனியில் முதல் நாள் அவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சிரித்தேன். அவள் என்னை யாரோ என்பது போலப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், "ஏட்டி, என்னத் தெரியாத மாதிரி இருந்துட்ட?"

"அங்க நீங்க கம்பெனி டீச்சரு. இங்கதான் எங்காசு டீச்சரு" என்றாள். "அங்க ஒங்களப் பாத்துப் பல்லக் காட்டினேன்னு வைங்க, டீச்சரு ஒனக்கு என்ன சொந்தம், எதுக்குத் தனியாப் படிக்க, வேலைய விட்டுட்டுப் போகவான்னு வரும். எனக்கு அந்தச் சம்பளம் வேணும் பெரியம்மா. ஜாக்கெட் கைக்கு வார வரைக்கும் வேணும்."

சரி என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை நான் அவள் வரிசைப் பக்கம் அதிகம் போகமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு கல்லூரிப் பெண் சேர வந்தாள். புது ஆள் யார் வந்தாலும் நான் முதலில் காட்டுவது ஊசிக்கு முன்னால் வளைந்து நிற்கிற சின்னக் கம்பியைத்தான். நீடில் கார்டு என்பார்கள். விரல் துணியோடு சேர்ந்து ஊசிக்கு அடியில் போய்விடாமல் அது மறிக்கும். பவர் மெஷின் ஊசி விரலைப் பார்த்து நிற்காது. கண்ணிமைக்கிறதுக்குள் நகத்தைத் துளைத்து எலும்பில் போய் ஒடியும். தளவாய்புரத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். அவள் கத்தவே இல்லை, கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதனால் நான் இந்தக் கம்பி விஷயத்தை எல்லா வகுப்பிலும் சொல்லுவேன், கம்பெனியிலும் முதல் நாளே சொன்னேன். இதைக் கழற்றிவிட்டு யாரும் மெஷினில் உட்காரக் கூடாது என்று.

நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிளவக்கல்காரி சிரித்தாள்.

"அந்தக் கம்பிய நீங்க செவ்வாக்கெழம மட்டுந்தானே பாக்கிய."

"என்னட்டி சொல்லுத?"

"செவ்வாக்கெழம சாப்பாட்டு மணி அடிச்சதும் மாட்டுவோம். நீங்க கேட்டத் தாண்டினதும் கழத்திருவோம். மத்த நாள் பூரா அது ட்ராயர்ல கெடக்கும்."

அவள் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு போனாள். கம்பி இருந்தால் ஓரம் மடிக்கிறது கண்ணுக்கு மறைக்குதாம், நூல் அறுந்தால் திரும்பக் கோக்க நேரம் பிடிக்குதாம். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை உருப்படி என்று போர்டில் எழுதி வைத்திருப்பார்கள், கம்பியோடு தைத்தால் அது ஆகாது. கழற்றச் சொல்லி யாரும் வாயால் சொல்லவில்லை. சூப்பர்வைசர் ஒவ்வொரு மெஷினாகப் போய் ஒரு நாள் தன் கையாலேயே கழற்றி ட்ராயரில் போட்டாராம். பொறவு அவர்களே பழகிக்கொண்டார்கள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஆச்சு. ஹாஸ்டல்ல தங்கி வேல பாக்கிற ஒரு வடக்கத்திப் புள்ளைக்கு. ஊசிய உருவிட்டு, எங்ககிட்ட துணிக்கா பஞ்சம், கட்டிவிட்டாவ. மறுநா அந்தப் புள்ளையக் காணும். ஊருக்குப் போயிட்டுதுன்னாவ."

மாவு மில் கீழே ஓடிக்கொண்டிருந்தது. செத்த நேரம் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எங்கள் அறையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுதேன் என்றாள் போலீஸ்காரர் பெண்டாட்டி. பேப்பருக்குச் சொல்லுங்க என்றாள் அந்தக் கல்லூரிப் பெண். வேலையை விட்டுத் தொலை என்றாள் பால்கோவா கடைக்காரி.

பிளவக்கல்காரி பயந்துபோய்விட்டாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, நீங்க அங்க ஒண்ணும் கேட்டுராதிய. ஞாயித்துக்கெழம நான் இந்தச் சந்துக்குள்ள போறத வேன் டிரைவரு பாத்திருக்காரு. நீங்க வாயத் தொறந்தா நான்தான்னு தெரிஞ்சு போகும்" என்றாள்.

நான் கேட்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. முப்பது பேர், அறுபது கை. நான் போகிற அன்றைக்கு மட்டும் எனக்காக ஒரு ஹாலை ஜோடித்து வைத்து, அதற்குள் நான் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். என்னை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்காமலும் இருக்க முடியாது, கேட்டால் இவளுக்கு வேலை போகும்.

யோசித்து யோசித்து ஒன்று தோன்றியது. கம்பியைப் பற்றி நான் எதுவும் கேட்க வேண்டாம். அதையே பாடமாக்கிவிடலாம். கம்பியை எப்படிக் கழற்றித் துடைத்து மாட்டுவது என்று ஒரு பாடம். அவர்கள் கை போகிற போக்கைப் பார்த்தாலே தினமும் கழற்றுகிற கை என்று தெரிந்துவிடும், மேனேஜரும் பார்ப்பார். நானாகவே கண்டுபிடித்ததாக ஆகிவிடும். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததாக இருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேனேஜரையும் வரச் சொன்னேன். வந்தார். போட்டோ எடுத்தார்கள். "இன்னைக்கு இந்தக் கம்பியக் கழத்தி, தொடச்சு, மாட்டணும். மெதுவா செய்யுங்க, சின்ன ஸ்க்ரூ, உருண்டு போயிரும்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியின் நுனியை ஸ்க்ரூவில் கொடுத்து ஒரு திருப்பு, கம்பி கையில். யாரும் ஸ்க்ரூட்ரைவர் கேட்கவில்லை. யாருக்கும் ஸ்க்ரூ உருளவில்லை, இடது உள்ளங்கையில் தானாக விழுந்தது. ஹால் முழுக்க டிக், டிக் என்று ஒரு சின்னச் சத்தம் ஓடி அடங்கியது. தினமும் செய்கிற கை அல்லாமல் வேறு எந்தக் கையும் அப்படிச் செய்யாது. நான் மேனேஜரைப் பார்த்தேன்.

ஒருத்தி மட்டும் கழற்றவில்லை. பிளவக்கல்காரி கத்திரியை இந்தப் பக்கம் வைக்கிறாள், அந்தப் பக்கம் வைக்கிறாள், ஸ்க்ரூவைத் தேடுகிறாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டுகிறாளாம். நான் எதற்காக இந்தப் பாடத்தை வைத்தேன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும், அந்தப் பயத்தில் அப்படிச் செய்துவிட்டாள். இருபத்தொன்பது பேர் ஒரு நொடியில் கழற்றியதை, தினமும் அவர்களோடு சேர்ந்து கழற்றுகிறவள் கழற்றத் தெரியாமல் திணறுகிறாள். அந்த ஹாலில் அவள் ஒருத்திதான் தனியாகத் தெரிந்தாள், என்னிடம் சொன்னது இவள்தான் என்று எழுதி ஒட்டின மாதிரி.

மேனேஜர் போனில் எதையோ பார்த்துக்கொண்டே, "குட் மேடம், எல்லாரும் நல்லா ப்ராக்டிஸ் பண்ணியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சூப்பர்வைசர் சுவரை விட்டு முதல் தடவையாக நகர்ந்து வந்தார். மெதுவாக நடந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்.

"என்னம்மா, கை வரலையா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"பரவால்ல. பழகிக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தாமதமாக வந்தாள். வந்ததும் வெட்டு மேசை ஓரத்தில் நின்றுகொண்டாள். எல்லாரும் கேட்டார்கள், என்னாச்சு, என்னாச்சு என்று.

"எல்லா மெஷின்லயும் கம்பி மாட்டியாச்சு. இனிமே கழத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. போர்டுல எண்ணிக்கையும் கொறச்சுட்டாவ" என்றாள்.

"அப்ப நல்லதுதானே ஏட்டி! அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க?" என்றாள் பால்கோவா கடைக்காரி.

"என் மெஷினுக்கு மட்டும் ஸ்க்ரூ கெடைக்கலையாம்."

யாருக்கும் உடனே விளங்கவில்லை. அவளே சொன்னாள். புதன்கிழமை காலை போனபோது அவளை முன்வரிசையில் முதல் மெஷினுக்கு மாற்றியிருந்தார்கள். கம்பி ட்ராயரில் கிடந்தது, ஸ்க்ரூ இல்லை. கேட்டதற்கு, மெக்கானிக் கொண்டுவருவார், அதுவரைக்கும் பார்த்துத் தை என்றாராம் சூப்பர்வைசர். அவளுக்கு மட்டும் பழைய எண்ணிக்கைதான். மற்ற இருபத்தொன்பது பேரும் பின்னால் இருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே தைக்கிறார்கள். டீ குடிக்கும்போது பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

"திட்டினாக்கூட பரவால்ல பெரியம்மா. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்காவ. அவரு வந்து பக்கத்துல நின்னு என் கையவே பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். "என்னைக்காவது ஒரு நா வெரல் உள்ள போகும். அவிய காத்துக்கிட்டு இருக்காவ."

"வேலைக்குப் போகாத" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"போகாம? படுத்துக் கெடக்க மனுசனுக்கு மருந்து யாரு வாங்குவா, நீங்களா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, இன்னும் கோபப்படுகிறாளே என்று.

நான் என் மெஷினுக்குப் போய்க் கம்பியைக் கழற்றினேன். கம்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஸ்க்ரூவை மட்டும் அவள் கையில் கொடுத்தேன். அங்கே இருப்பதும் இதே மாடல் மெஷின்தான், சரியாக உட்காரும். அவள் வாங்கவில்லை. இதை மாட்டினால் யார் கொடுத்தது என்று கேட்பார்கள் என்றாள். கேட்டால் வழியில் கிடந்தது என்று சொல்லு, உன் வாய்க்கா பொய் வராது என்றாள் போலீஸ்காரர் பெண்டாட்டி. கடைசியில் நர்ஸ்தான் ஸ்க்ரூவை ஒரு துண்டுத் துணியில் வைத்து முடிந்து, அவள் ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டாள். "நான் தையல் போட்ட வெரல எண்ணி மாளாது. இத மாட்டிக்கிட்டு உயிரோட வா" என்றாள்.

அந்தத் திங்கள்கிழமை எனக்குப் போகவே மாட்டேன் என்றது. செவ்வாய்க்கிழமை ஹாலுக்குள் போனதும் முன்வரிசையைத்தான் பார்த்தேன். எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். அவள் மெஷினில் கம்பி இருந்தது. பத்து விரலும் துணிமேல் இருந்தது. சூப்பர்வைசர் இந்தத் தடவை பின்சுவரில் இல்லை. அவள் பக்கத்திலேயே நின்றார்.

"டீச்சரம்மா" என்றார். "இந்த மெஷினுக்கு ஒரு ஸ்க்ரூ தேடிக்கிட்டு இருந்தோம். எப்படியோ வந்துட்டுது. இவங்ககிட்ட கேட்டா, கீழ கெடந்துச்சுங்காங்க. நான் தினமும் சுத்தி வார ஹாலு, எனக்குத் தெரியாம கெடந்திருக்கு பாருங்க. ஒங்க கிளாஸ்ல ஸ்க்ரூ எல்லாம் சரியா இருக்குதா?"

முப்பது பேரும் குனிந்திருந்தார்கள். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்திருக்கலாம், அந்த ஹாலில் யாரும் அதைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள்.

"ஒண்ணு கொறையுது" என்றேன். "நான்தான் குடுத்தேன். என் மெஷின்ல இருந்து கழத்திக் குடுத்தேன். அந்தப் புள்ள கேக்கல. கம்பி இல்லாம யார் தச்சாலும் நான் இங்க பாடம் எடுக்க மாட்டேன். மேனேஜர் சார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன்."

சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் கோபப்படவில்லை. "அதுக்கென்னம்மா, நல்லதுதான செஞ்சிருக்கீங்க" என்றார். மேனேஜரிடம் போனேன், சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் கூப்பிடுகிறோம் மேடம் என்றார். காப்பி கொடுக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மெக்கானிக் வந்தபோது கேட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம், இனி டிரெய்னிங் வேண்டாமாம். கம்பி இருக்கிறதா என்றேன். "நான் மெஷினு ஓடலேன்னாத்தான் உள்ள போவேன் பெரியம்மா. ஓடுற மெஷின நான் பாக்குறதில்ல" என்றார்.

பிளவக்கல்காரி இப்போதும் வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள், காசும் சரியாகக் கொடுத்துவிடுகிறாள். ஆனால் படியில் உட்கார்ந்து பேசுவதில்லை. நான் ஏறி வருவதைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறாள். மற்றவர்கள் கேலி செய்கிறார்கள், பள்ளிக்கூடமாட்டி இது என்று. அவள் சிரிப்பதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று நாலைந்து தரம் கேட்டுவிட்டோம். நல்லா இருக்கு என்கிறாள். கம்பி இருக்கா என்றால் இருக்கு என்கிறாள். கேட்டதும் அவள் கண் கதவுப் பக்கம் ஒரு தரம் போய் வருகிறது. எங்கள் கதவில் யாரும் நிற்பதில்லை.

போன வாரம் ஜாக்கெட்டில் கை வைக்கிற இடத்துக்குக் கைக்குழி வெட்டுகிறதைக் காட்டினேன். வேண்டுமென்றே முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாற்றி வைத்து வெட்டினேன், பிளவக்கல்காரி பழையபடி என் கையைப் பிடித்து நிறுத்துவாளா என்று. பால்கோவா கடைக்காரி கத்தினாள், "கண்ணாடியப் போடுங்க பெரியம்மா, எல்லாம் தலைகீழாப் போகுது!" நர்ஸ் துணியைப் பிடுங்கினாள். நான் பிளவக்கல்காரியைப் பார்த்து, "ஒனக்குப் புரிஞ்சுதாட்டி?" என்றேன்.

தலையை ஆட்டினாள். மேசையில் அவள் முன்னால் இருந்த துணி, நான் வெட்டின மாதிரியே மாற்றி வெட்டியிருந்தது. நல்ல சிவப்புத் துணி, மூத்த மகளுக்கு என்று வாங்கி வந்தது. நான் அவள் ரெண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் அத்தனையும் இருந்தது. அவள் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, எதற்கு என்று கேட்கவும் இல்லை.